பழியும் பொறுப்பும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருப்பாவையின் 15-ஆம் பாசுரம் முழுவதும் உரையாடலாக அமைந்தது. வாசலில் நிற்கும் ஆய்ச்சியர் உள்ளே உறங்குபவளைக் குறை கூறுகின்றனர்; அவளும் விடாமல் மறுமொழி சொல்கிறாள். வாதம் வளர்ந்துகொண்டே போகையில், அக்குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று அவள் இசைந்துவிடுகிறாள். அத்துடன் வழக்கு ஓய்கிறது, கோஷ்டி கூடுகிறது. தன்னிடம் இல்லாத குறையைப் பிறர் ஏற்றிச் சொன்னாலும் எதிர்த்து வாதாடாமல் ஏற்பது ஸ்ரீவைஷ்ணவனுக்கு அடையாளம் என்று பூர்வாசார்யர்கள் இவ்விடத்தில் காட்டி, ஸ்ரீபரதாழ்வானை உதாரணமாக எடுப்பர்.

பரதாழ்வானுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்ப்போம். பாட்டனார் வீட்டிலிருந்து திரும்பி வந்தவனுக்குத் தந்தை இல்லை, தமையன் காட்டில். கைகேயியை அவன் கடுமையாக நிந்தித்தான் என்பதை வால்மீகி மறைக்கவில்லை. ஆகவே அவனுக்குச் சினமே எழவில்லை என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவன் அச்சினத்திலேயே தங்கிவிடவில்லை. சத்ருக்நாழ்வான் மந்தரையைப் பிடித்து இழுத்தபோது தடுத்தவன் அவனே. பெருமாள் காடேறியதற்குத் தன் பாபமே காரணம் என்று தன் தலையில் ஏற்றுக்கொண்டான். பின்பு சித்ரகூடம் சென்றான், திருவடிநிலைகளைப் பெற்றான், நந்திக்ராமத்தில் 14 ஆண்டுகள் ராஜ்யத்தைக் காத்தான். அவன் ஏற்ற பழி அவனை முடக்கவில்லை, கைங்கர்யத்தில் மூட்டியது.

இப்பொருளுக்கு நம் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர், அரியலூர்ச் சீமைகளைக் கடந்து கொள்ளிடத்தில் சேர்வது மருதையாறு. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், அரியலூருக்கு அருகே அவ்வாற்றுப் பாலத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் வெள்ளத்தில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில் மகபூப்நகர் அருகே நேர்ந்த ரயில் விபத்திற்குப் பின்பும் அவர் ராஜிநாமா கொடுத்திருந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்று கருதி ஏற்கவில்லை, இது ஒரு நல்ல மரபாக நிலைக்க வேண்டும் என்றே ஏற்பதாக நேரு விளக்கினார்.

மழையைப் பெய்வித்தவரோ பாலத்தைக் கட்டியவரோ சாஸ்திரி அல்லர். காரணங்களை அடுக்கியிருந்தால் அவை பொய்யும் ஆகா. ஆயினும் அவர் வாதாடவில்லை. வங்கியில் பணியாற்றிய நமக்கு இதை ஜாமீன் கையெழுத்தைக் கொண்டு விளக்குவது எளிது. கடன் தொகையைக் கையில் வாங்கியவர் ஒருவர். ஜாமீன்தாரர் அதில் ஒரு காசும் தொட்டதில்லை. ஆனாலும் தவணை தவறினால் அவர் முன்வந்து நிற்க வேண்டும். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. சாஸ்திரி 1957-இல் மீண்டும் அமைச்சராகிப் பணியைத் தொடர்ந்தார் என்பதையும் மறவாதிருப்போம்.

இனி, துயருற்றவரின் நிலை. பெரம்பலூர் வழியே நெடுஞ்சாலை ஓடுகிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் செல்கின்றன. விபத்தில் கணவனை இழந்த பெண்கள், இழப்பீட்டுத் தொகையை வைப்பில் இடுவதற்கு வங்கிக்கு வருவதை நாம் கண்டதுண்டு. சிலர் ஆண்டுகள் கழிந்தும் அந்த லாரி ஓட்டுநரைப் பற்றியே பேசுவர். வேறு சிலர், பள்ளிக் கட்டணம் செலுத்தும் ஜூன் மாதத்தில் வட்டி கைக்கு வருமாறு வைப்பை எப்படிப் பிரிப்பது என்று கேட்பர். இவர்களுடைய துக்கம் அவர்களுடையதைவிடக் குறைந்ததன்று. வழக்குத் தொடுப்பதும் இழப்பீடு கேட்பதும் நியாயமே. அவற்றை விட்டுவிடச் சொல்லும் சாஸ்த்ரம் ஏதுமில்லை. ஆனால் தீங்கிழைத்தவன் வருந்தும்வரை நம் அடுப்பு எரியாது என்று இருந்தால், நம் வீட்டுச் சாவியை அவன் கையிலேயே கொடுத்தவர்களாவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். பரதாழ்வான் தன் பாபம் என்றது தன்னைக் குறித்து. உள்ளே இருந்த ஆய்ச்சி இசைந்ததும் தானாகவே. இச்சொல் தன்மைக்கே உரியது. முன்னிலையில் சொல்லத் தகாதது. மகனை இழந்த தாயிடம் சென்று, ‘எல்லாம் உன் கர்மம்’ என்று நாம் சொல்வோமாகில், அது உபதேசம் ஆகாது, அபசாரமே ஆகும். கௌஸல்யை ஐயுற்றபோது பரதாழ்வானும் பேசாதிருக்கவில்லை. ஆணைகள் பலவிட்டுத் தன் தூய்மையை உணர்த்தினான். அவளும் அவனை அணைத்துக்கொண்டாள். ஆகவே, செய்யாததைச் செய்தேன் என்று பொய் சொல்வது இங்கு விதிக்கப்படவில்லை. மன்னிப்பும் அப்படியே. தன்னை வருத்திய ராக்ஷஸிகளைத் தண்டிக்கத் திருவடி முனைந்தபோது தடுத்தவள் பிராட்டி. பட்டவள் அவள், பொறுக்கும் உரிமையும் அவளுடையது. அவளை அவ்வாறு பொறுக்கச் சொன்னவர் எவருமில்லை.

அப்படியாயின் அருகிருக்கும் நாம் செய்யத்தக்கது என்ன? துயருற்றவர் வீட்டில் தத்வம் பேசாமல் அமர்ந்திருப்போம். விண்ணப்பம் எழுத உதவுவோம். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோம். அவர்கள் சுமக்கும் பொறுப்பில் ஒரு பகுதியை நம் தோளுக்கு மாற்றிக்கொள்வதே அந்தப் பாசுரத்தை அநுஷ்டிக்கும் முறை.

யார் எவ்வளவு குற்றவாளி என்னும் கணக்கை முற்ற அறிந்தவன் எம்பெருமான் ஒருவனே. அந்தப் பேரேட்டை அவன் திருவடிகளில் வைத்துவிட்டால், நம் கை அடுத்த கைங்கர்யத்திற்கு ஒழியும். மார்கழியில் இப்பாசுரத்தை அநுஸந்திக்கும்போது, அவரவர் தமக்குத் தாமே இதைச் சொல்லிக்கொள்ள ஆண்டாள் அருள்புரிவாளாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.