சொல்லும் திரையும்

2018-ஆம் ஆண்டு முதல் தமிழகப் பாடநூல்களில் விரைவுக் குறியீடு எனும் சிறு கறுப்புக் கட்டம் இடம்பெறலாயிற்று. கைப்பேசியை அதன்மீது காட்டினால், பாடத்துக்குரிய காணொளி விரிகிறது. 'சவ்வூடு பரவல்' என்ற சொல்லைக் கண்டு திகைத்த மாணவி, நீர் மெல்லிய சவ்வைக் கடப்பதைத் திரையில் பார்த்து, புரிந்துவிட்டது என்கிறாள். புரிந்தது காட்சியா, சொல்லா? சவ்வு, ஊடு, பரவல் எனப் பிரித்தறிந்து, உலர்ந்த திராட்சை நீரில் பருப்பதை அடுக்களையில் கண்டவளுக்கு அச்சொல் உரிமையாகிவிடுகிறது. வேறொரு பத்தியில் அதைச் சந்திக்கும்போது அவள் தடுமாறுவதில்லை.

காணொளியை நாம் பழிக்கவில்லை. வேரினுள் நிகழ்வதைக் கரும்பலகை அவ்வாறு காட்டவியலாது. ஆயினும், விளக்கம் விரல்நுனியில் காத்திருக்கையில், புரியாத பத்தியை மீண்டும் வாசிக்கும் பொறுமையைப் பிள்ளைகள் எங்கே கற்பர்? அப்பொறுப்பைப் பெற்றோராகிய நாம் கருவியிடம் ஒப்படைத்துவிடுதல் முறையாகுமா? இருக்கும் ஒரே கைப்பேசியும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும் இல்லங்கள் நம் பங்குகளில் உண்டு. அங்குள்ள பிள்ளைக்கு அக்கட்டம் வெறும் மைக்கறையே. அப்பிள்ளைக்கும் சரி, கைப்பேசி உள்ள பிள்ளைக்கும் சரி, மாலையில் அப்பத்தியை உரக்க வாசிக்கச் செய்து, அருகமர்ந்து கேட்கக் கால்மணி நேரம் நம்மிடம் இருக்கிறதா?