உத்தரவாதத்தின் விலை

கணிப்பொறி ஒன்றை விலைபேசி முடித்துப் பணம் செலுத்தும் வேளையில், விற்பனையாளர் மற்றொரு கேள்வியை நம்முன் வைப்பார். "ஓராண்டு வாரண்டியை நிறுவனமே தருகிறது. இன்னும் கொஞ்சம் கட்டினால் மூன்றாண்டுகளுக்கு நீட்டித்துக்கொள்ளலாம். சேர்த்துக்கொள்ளலாமா?" சிறிய கேள்விதான். எனினும், நாளை நேரவிருப்பதை அறியாத மனிதன் அந்த அறியாமையோடு எவ்வாறு வாழ்வது என்னும் பழைய வினா இதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று எண்ணிப் பார்ப்பது வீணாகாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மடிக்கணினியின் விலை 50,000 ரூபாய் என்றும், கூடுதலான ஈராண்டு உத்தரவாதத்தின் விலை 5,000 ரூபாய் என்றும், பெரும்பழுது நேர்ந்தால் ஆகும் செலவு 20,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின், அந்த ஈராண்டுகளில் நான்கு கணிப்பொறிகளுள் ஒன்று அத்தகைய பழுதுக்கு உள்ளானால்தான் கொடுத்த விலையும் பெற்ற பயனும் ஈடாகும். மின்னணுக் கருவிகளின் இயல்போ வேறு. உற்பத்திக் குறைகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெளிப்படும். தேய்மானத்தால் வரும் பழுது முதுமையில் வரும். இடைப்பட்ட காலத்தில் பழுது குறைவு. இதை வரைந்து காட்டும் கோடு குளியல்தொட்டியின் வடிவில் அமைவதால், பொறியாளர்கள் அதற்கு அப்பெயரையே இட்டுள்ளனர். தொடக்கக் குறைகளை நிறுவனத்தின் முதலாண்டு வாரண்டி ஏற்றுக்கொள்கிறது. நாம் விலைகொடுத்து வாங்குவதோ பெரிதும் அந்த அமைதியான இடைக்காலத்தையே. மேலும், விற்பவர் தம் செலவையும் இலாபத்தையும் சேர்த்தே விலை வைக்கிறார். ஆதலால், வாங்குவோர் அனைவரையும் ஒருசேர நோக்கின், அவர்கள் கொடுப்பது பெறுவதைவிட மிகுதியாகவே இருக்கும்.

அப்படியானால் வாங்காதிருப்பதே அறிவுடைமை என்று முடித்துவிடலாமா? 1738-இல் வெளிவந்த ஓர் ஆய்வுரையில் டேனியல் பெர்னூலி என்னும் கணித அறிஞர் இதையொத்த வினாவை ஆராய்ந்தார். பீட்டர்ஸ்பர்க் நகர வணிகர் ஒருவர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பலில் சரக்கு வரவழைக்கிறார். சரக்கு வந்துசேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விலைபோகும். அப்பருவத்தில் 100 கப்பல்களுக்கு 5 அழிந்துபோவது வழக்கம். காப்பீட்டுக் கட்டணம் 800 ரூபிள். கணக்குப்படி இடரின் மதிப்பு 500 ரூபிள்தான், கட்டணம் மிகுதி. ஆயினும், அவ்வணிகரிடம் வேறு செல்வம் 5,000 ரூபிளுக்குச் சற்று மேலாக இருந்தால் மட்டுமே காப்பீட்டைத் தவிர்க்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால், விலை மிகுதி என்று தெரிந்தும் வாங்குவதே தகும் என்று பெர்னூலி முடிவு கூறினார். இழக்கும் தொகை ஒன்றேயாயினும், உள்ளவனுக்கு அது வருத்தம். இல்லாதவனுக்கு அது வீழ்ச்சி.

விவேகம் என்னும் நற்பண்பின் இலக்கணம் இதுவே. பொது விதிகளை அறிந்திருப்பது மட்டும் விவேகமன்று. இந்த மனிதர், இந்த நிலைமை, இந்தச் செயல் என்று தனித்தனியே சீர்தூக்குவதே விவேகம் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். முன்னோக்கை அவர் விவேகத்தின் ஒரு கூறாகவே வைத்தார். அதே வேளையில், எதிர்காலத்தைப் பற்றிய கவலைக்கும் பருவம் உண்டு என்றார். கோடையில் அறுவடையைப் பற்றிக் கவலைப்படுவது முறை. திராட்சைப் பறிப்பின் கவலையையும் அப்போதே சுமப்பவன், பின்னர் வரவேண்டிய பாரத்தைத் தேவையின்றி முன்னரே இழுத்துக்கொள்கிறான் என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "இது பழுதுபடுமா?" என்பதன்று. "பழுதுபட்டால் என்னால் தாங்க இயலுமா?" என்பதே. மாத ஊதியமும் ஓரளவு சேமிப்பும் உள்ள குடும்பம் 20,000 ரூபாய் இழப்பை வருத்தத்தோடு தாங்கிக்கொள்ளும். அக்குடும்பம் அந்த 5,000 ரூபாயைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால், தாலுகா அலுவலகத்தின் எதிரே ஒரேயொரு கணிப்பொறியை வைத்து, மனுக்களைத் தட்டச்சு செய்து பிழைக்கும் பெண்ணின் நிலை வேறு. கருவி நின்ற நாளில் அவர் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். அவருக்கு அந்த உத்தரவாதம் தகுந்த முன்னேற்பாடாக அமையலாம். ஆனால் ஒன்றை அவர் கேட்டறிய வேண்டும்: பழுது நீக்க எத்தனை நாள் ஆகும்? ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும் கருவி அவருடைய பணத்தைக் காக்கும், பிழைப்பைக் காக்காது.

பலர் இவ்வாறு சீர்தூக்காமல் வாங்குவதற்குக் காரணம் அச்சமே. சிறிய வாய்ப்புள்ள இடரை மனித மனம் பெரும்பாலும் பெரிதாக்கியே எடைபோடுகிறது என்பதை டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவரும் 1979-இல் எழுதிய ஆய்வில் விளக்கினர். சற்று முன்வரை அக்கருவியின் உறுதியைப் புகழ்ந்த அதே நாவு, விலை முடிந்ததும் அதன் நொய்ம்மையைப் பேசத் தொடங்குவதை நாம் கவனிப்பதில்லை. தாளில் எழுதியிருப்பதைப் படிப்பதுமில்லை. மின்கலம், கீழே விழுந்து உடைதல், தேநீர் சிந்துதல் ஆகியவை பெரும்பாலும் அந்த உத்தரவாதத்துக்குப் புறம்பானவை. உள்ளே சேமித்த நிழற்படங்களையும் ஆவணங்களையும் அது மீட்டுத் தராது. அவற்றின் படியொன்றை வேறிடத்தில் வைப்பதே மெய்யான முன்னோக்கு; அதற்கு ஆகும் செலவும் குறைவு.

இங்கு நம் மனச்சான்றை உறுத்த வேண்டிய ஒன்று உண்டு. யாருக்கு இந்த உத்தரவாதம் தேவையில்லையோ, அவர்களிடமே இதை வாங்கப் பணம் இருக்கிறது. யாருக்குத் தேவையோ, அவர்களுக்குக் கருவியின் விலையைத் திரட்டுவதே பெரும்பாடு. பலர் சிறுதொகை இட்டு, இடருற்ற ஒருவரைத் தாங்குவதே காப்பீட்டின் அடிப்படை. அந்த அடிப்படைக்குக் கடையின் முத்திரை இன்றியமையாததன்று. தெருவில் பத்துக் குடும்பங்கள் கூடி ஒரு பொது நிதி வைத்தாலும், அந்தப் பெண்ணின் கணிப்பொறி நின்ற நாளில் அவருக்குத் தோள் கொடுக்கலாம். தாங்க வல்லவர்கள் தம் அச்சத்துக்குச் செலவிட எண்ணிய தொகையை அதில் இடலாம். அடுத்த முறை விற்பனையாளர் அக்கேள்வியைக் கேட்கும்போது, நமக்கு மட்டுமன்றி, அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து விடை சொல்ல முயல்வோம்.