பார்க்கப் போகிறவர்கள்

பிறர் துன்பப்பட்ட இடத்தைச் சுற்றிப் பார்க்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? சுற்றுலா போகிறவர்கள் பொதுவாகக் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. கேட்டால் பயணத்தின் சந்தோஷம் கெட்டுவிடும். ஆனால் நம்மவர்கள் இதைக் கேட்காமல் தப்ப முடியாது என்றே நினைக்கிறேன். பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைப் பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. ஆக, பார்ப்பது நமக்கு ஏவப்பட்ட காரியம். அதேவேளை, தபூக் பயணத்தின்போது ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியில், அநீதி இழைத்தோரின் குடியிருப்புகளுக்குள் அழுகையோடு அல்லாமல் நுழைய வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தோழர்களைத் தடுத்ததும், தாமும் விரைந்து கடந்து போனதும் ஹதீஸில் வருகிறது. அந்த ஹிஜ்ர் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. சவூதியிலிருந்து அப்பட்டியலுக்குப் போன முதல் இடம் அதுதான். இப்போது அங்கே வழிகாட்டி உண்டு, வாகனம் உண்டு, நுழைவுச்சீட்டும் உண்டு.

பார் என்பதற்கும் அழாமல் நுழையாதே என்பதற்கும் நடுவில் எங்கே நிற்பது என்ற விஷயம், 2024 இறுதியில் நண்பர்களோடு போன ஒரு விடுமுறைப் பயணத்தில் எங்களுக்குள் தர்க்கமாகவே வந்துவிட்டது. நான்கு ஆசிரியர்கள். முதலில் கோலாலம்பூர். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் தமிழும் பள்ளிவாசலும் சோறும் ஒருங்கே கிடைப்பதால் அது நம்மவருக்கு அந்நிய நகரம் போலவே இருப்பதில்லை. அங்கிருந்து மலிவான விமானமொன்று கிடைக்கவே கம்போடியாவின் புனோம் பென்னுக்கும் போனோம். அரண்மனை பார்த்தோம், ஆற்றங்கரையில் நடந்தோம், ஹலால் கடை தேடி அலைந்தோம். மூன்றாம் நாள் துவோல் ஸ்லெங்.

அது ஒரு பாடசாலை. மூன்று மாடிக் கட்டடங்கள், நீண்ட விறாந்தைகள். 1975 ஏப்ரலில் நகரைப் பிடித்த கெமர் ரூஜ், இப்பாடசாலையைச் சிறையாகவும் சித்திரவதைக்கூடமாகவும் மாற்றியது. வகுப்பறைகளைச் செங்கல்லால் தடுத்து, ஓர் ஆள் படுக்கவே இடம் போதாத அறைகள் கட்டினார்கள். 1979 ஜனவரி வரை 14,000க்குக் குறையாதோர் உள்ளே போனார்கள். தப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். கொண்டுவரப்பட்டவர்களைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த முகங்கள் இன்று சுவர்களில் வரிசையாக இருக்கின்றன. சிரிக்கக் கூடாது என்பதற்கு, சிரிக்கும் முகமொன்றின் மேல் கோடு இழுத்த அறிவித்தல் வேறு.

எங்களில் ஒருவர், யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்தவர், கைபேசியை எடுத்தார். அக்கரைப்பற்று நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே இளநீர்க் கடையில் அது தொடர்ந்தது. "பார்க்காமப் போனா அது மரியாதையா மச்சான்? வந்து பார்த்தவனுக்குத்தானே தெரியும்" என்றார் முதலாமவர். "பாரு, ஆனா ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டுறதுக்குப் பார்க்காதே" என்றார் மற்றவர்.

என்னை யோசிக்க வைத்தது படம் எடுப்பதல்ல. அச்சிறையிலிருந்து தப்பியவர்களில் சும் மெய், போ மெங் என்ற இருவர், பின்னாளில் பல வருடங்களாக அதே முற்றத்தில் மேசை போட்டுத் தம் கதையைத் தாமே புத்தகமாக விற்று, வந்தவர்களோடு பேசி இருந்திருக்கிறார்கள். 1980இல் அது காட்சியகமானபோது, காணாமற்போன பிள்ளையின், கணவனின் படம் அங்கே இருக்கிறதா என்று தேடியே கம்போடியர்கள் திரண்டு வந்தார்களாம். மண்டையோடுகளால் செய்து மாட்டியிருந்த நாட்டுப்படம் ஒன்றை 2002இல் அகற்றினார்கள். நம் மார்க்கத்தவரான சாம் மக்களும் அக்காலத்தில் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலையே என்று ஐ.நா. துணையுடன் இயங்கிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனாலும் அங்கே துன்பப்பட்டவன்தான் வீட்டுக்காரன், நாங்கள் விருந்தாளிகள்.

நெளுக்குளத்தில் இருப்பவன் இதைக் கவனிக்காமல் விட முடியாது. 2009இல் எங்களூர்ப் பாடசாலையும் முகாமாயிற்று. சித்திரவதைக்கூடத்தோடு அதை ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. வகுப்பறை வகுப்பறையாக இல்லாமற் போவதை மட்டும் சொல்கிறேன். மன்னார் வீதியில் இன்னும் போனால் செட்டிகுளத்துப் பக்கம் மெனிக் பாம். வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் அடைக்கப்பட்டது. அதை மூடியது 2012 செப்டெம்பரில்.

இதே காலத்தில்தான் ஏ-9 வீதியால் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சுற்றுலா வந்தார்கள். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த நீர்த்தாங்கி, முல்லைத்தீவுக் கரையில் 2006இல் தரைதட்டிய பாரா-3 கப்பல், புதுக்குடியிருப்புப் பக்கம் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு. வந்தவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. அவர்களில் மகனை இராணுவத்துக்குக் கொடுத்து இழந்த தாய்மாரும் இருந்திருப்பார்கள். ஆனால் அம்பாந்தோட்டைக்காரர் புதுக்குடியிருப்பைப் பார்த்துத் திரும்பிய நாட்களில், புதுக்குடியிருப்புக்காரர் பலர் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்களுக்கோ அப்போதும் சொந்தக் காணி கிடைக்கவில்லை. அங்கே இராணுவம் இருந்தது.

சோனகத் தெரு நண்பர் 2012இல் அந்த நிலக்கீழ் வீட்டைப் போய்ப் பார்த்தவர். என்னையும் கூப்பிட்டார், நான் போகவில்லை. புனோம் பென்னில் அதைத் திரும்ப எடுத்தார். "1990 ஒக்டோபர் 30, ரெண்டு மணித்தியாலம் தந்து எங்களை விரட்டினவங்க. அவங்கட தலைவன் ஒளிச்சிருந்த குழியைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?"

இலேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. நானும் முல்லைத்தீவு தண்ணீரூற்றில் பிறந்து, அதே வருடம் வெளியேற்றப்பட்டவன்தான். அநீதி இழைத்தவனின் இருப்பிடம் எப்படி முடிந்தது என்று பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் குழிக்குப் போகும் வழியின் இருபுறமும் கூரையில்லாத வீடுகள். அவற்றின் சொந்தக்காரர் எல்லோரும் என்னை விரட்டியவர்கள் அல்லர். அவர்களுக்குத் திரும்பி வர அனுமதியில்லாதபோது, எனக்குப் பார்க்க அனுமதி தந்தது யார்? இராணுவம். அந்த அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு என் நியாயத்தைத் தேடிப் போக எனக்கு விருப்பமில்லை. நாம் இல்லாத ஊரில் நம் வீடுகளுக்குள் மற்றவர்கள் நடந்து திரிந்தது எப்படிப்பட்டது என்று வடக்கு முஸ்லிம்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"அப்படியெண்டா கிரனாடாவுக்கும் போகேலாதே" என்று மடக்கினார். 1609க்குப் பின் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் பேரர்கள் இன்று யாரென்றே தெரியாது. அவர்கள் வந்து கதவைத் திறக்கட்டும் என்று அல்ஹம்ராவின் முன் காத்திருக்க முடியாது. உரியவர் முகாமில் இருக்கும்போது அவர் வாசலைத் தாண்டிப் போவது வேறு. நண்பர் இதை முழுதாக ஏற்கவில்லை. நிலக்கீழ் வீட்டை 2013 ஒக்டோபரில் இராணுவமே வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. எங்கள் தர்க்கம்தான் மிச்சம்.

2002இல் பாதை திறந்தபோது வாப்பாவோடு தண்ணீரூற்றுக்குப் போனேன். எங்கள் வீட்டில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமொன்று இருந்தது. நாங்கள் வெளியேறியது 1990 ஒக்டோபரில், அவர்கள் வெளியேறியது 1995 ஒக்டோபரில். வந்தது யாரென்று அந்த அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் வெளுத்துப் போனது. வாப்பா வைத்த மாமரத்தின் கீழ் கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். "உள்ளுக்கு வந்து பாருங்கோ ஐயா" என்று இரண்டு தடவை சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது. கொடியில் ஒரு சின்னப் பிள்ளையின் பாடசாலைச் சட்டை காய்ந்தது. வாப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மாமரம் காய்க்கிறதா என்று கேட்டார். போன வருசம் நல்லாக் காய்த்தது என்றார் அம்மா. பிறகு எழும்பி வந்துவிட்டோம்.