வேணாம்னு சொல்பவருக்கு என்ன கூலி?

மயிலாப்பூர் மாட வீதியிலோ தி. நகர் உஸ்மான் ரோட்டிலோ ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். "அண்ணா, ரெண்டு நாளா தொண்டை வலி, ஜுரம். ஏதாச்சும் குடுங்க." அவர் "சுகர் இருக்கா?" என்று கேட்பார். கத்தரிக்கோலால் ஸ்ட்ரிப்பை வெட்டி, மூணு மாத்திரையைக் கவரில் போட்டு நீட்டுவார். (காலாவதித் தேதி பெரும்பாலும் மீதித் துண்டோடு தங்கிவிடும். அது தனிக்கதை.)

அதில் ஆன்டிபயாடிக் இருந்தால் சட்டப்படி தப்பு. டாக்டர் சீட்டு வேண்டும். 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த எச்1 அட்டவணை இன்னும் கறார்: செஃபிக்ஸிம் போன்ற மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறணும், மூணு வருஷம் அதைப் பத்திரமா வைக்கணும்.

கடைக்காரரின் பேராசை என்று சொல்லி முடித்துவிடலாம்தான். எனக்கு அது போதவில்லை. கேட்டு வந்தவர் நாலு வீட்டில் வேலை செய்கிற அக்கா. டாக்டர் ஃபீஸ் ஒரு பக்கம், போகிற அரைநாள் சம்பளம் ஒரு பக்கம். மாநகராட்சி சுகாதார நிலையம் இலவசம், ஆனால் வரிசை வரிசைதான். அரைகுறையாக விழுங்கிய மருந்தால் கிருமி பழகிப்போய், அடையாறில் யாரோ ஒருவருக்கு நாளை மருந்து வேலை செய்யாமல் போகலாம். முகம் தெரியாத அந்த நோயாளிக்காக நீ இன்னிக்கு வலியைப் பொறுத்துக்கோ என்று அந்த அக்காவிடம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?

சொல்ல வேண்டியவர் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர். "இதுக்கு ஆன்டிபயாடிக் வேணாம்மா, உப்புத்தண்ணில கொப்பளிங்க" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சொன்னால் அந்த விற்பனை போச்சு. நாலு கடை தள்ளி இன்னொருவர் கொடுத்துவிடுவார்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, காது வலி உட்பட ஏழு உபாதைகளுக்கு மருந்தாளுநரே பார்த்து மருந்து தரலாம். இங்கே அந்த அதிகாரம் தரலாமா என்றுதான் எல்லோரும் விவாதிக்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அங்கே விதிக்கு உட்பட்ட நோயாளியைப் பார்த்து, மருந்து வேண்டாம் என்று அனுப்பினாலும் அந்த ஆலோசனைக்கு அரசு காசு கொடுக்கிறது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். விலை குறைவு, நல்ல காரியம். ஆனால் அங்கேயும் மாத்திரைக்குத்தான் பில் வரும், "வேணாம்மா" என்பதற்கு இல்லை.