இனாமும் தானமும்



ஐப்பசி அமாவாசையின் வைகறையில் பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்தினார். அந்நன்னாளையே நாம் தீபாவளியாகக் கொண்டாடுகின்றோம். ஜினாலயத்தில் நிர்வாண பூஜை முடித்து நாம் இல்லம் திரும்பும் நாளில்தான் தபால்காரரும், தெருக்கூட்டுபவரும், குப்பை வண்டி கொண்டுவருபவரும் இனாம் கேட்டு வாயிலுக்கு வருகின்றனர். பொங்கலுக்கும் இதுவே வழக்கம். இவர்களுக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் அது தானமாகுமா? செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரை ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழும் வினா இது. சிறிய வினாவாகத் தோன்றினும், நம் அணுவிரதங்கள் சிலவற்றை இது நேராகத் தொடுகின்றது. ஆதலின் திருவறத்தின் ஒளியில் இதனைச் சிந்திப்போமாக.

தானம் யாது?

தத்வார்த்த சூத்திரத்தின் 7-ஆம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஆசார்யர் தானத்தின் இலக்கணத்தை வகுத்துள்ளார். தனக்கும் பிறர்க்கும் நன்மை விளையும் பொருட்டுத் தன் உடைமையைத் துறத்தலே தானம் என்பது அதன் கருத்து. கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் சிறப்பால் தானம் சிறப்புறும் என்றும் அவர் காட்டுகின்றார். துறத்தல் என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கடிதம் தவறாமல் வர வேண்டும், குப்பை நாள்தோறும் அகல வேண்டும் என்று எண்ணிக் கொடுத்தால் அங்கே துறவு இல்லை. கொள்வினை கொடுப்பினையே உள்ளது. கொடாவிடில் வேலை தடைப்படுமோ என்று அஞ்சிக் கொடுத்தால் அது அச்சத்தின் விலை.

நம் முன்னோர் கொடுத்த முறையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து ஆனந்தமங்கலத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்ற பாறையருகே, முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு உள்ளது. காலம் கி.பி. 945. ஜினகிரிப்பள்ளியில் அடியவர் ஒருவர்க்கு உணவளிக்க வர்த்தமானப் பெரியடிகள் ஐந்து கழஞ்சு பொன் அளித்த செய்தியை அது கூறுகின்றது. கொடுத்தது ஒருமுறை; பயன் நெடுநாள். உண்பவர் கொடுத்தவரின் வாயிலில் நின்று கேட்க வேண்டிய நிலையை அக்கொடை உண்டாக்கவில்லை.

தபால்காரர்க்கு

தபால்காரர் வெயிலிலும் மழையிலும் நமக்காக நடப்பவர். நம் நன்றிக்கு முழுதும் உரியவர். ஆயினும் அவர் மத்திய அரசின் பணியாளர். 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளுள் 13-ஆம் விதி, அவர் பரிசு பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பெற்றபோது, அரசுப்பணியாளரைக் கடமையில் பிறழச் செய்யும் நோக்குடன் கொடுப்பவரும் குற்றவாளியே என்பது மேலும் தெளிவாயிற்று. பண்டிகை நாளில் அன்பினால் கொடுப்பதை அச்சட்டத்தோடு ஒருங்கு வைத்து எண்ண வேண்டுவதில்லை. ஆனால் அரசின் முறையை மீறுதலாகிய விருத்தராஜ்யாதிக்கிரமத்தை, கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக நம் ஆகமம் எண்ணுகின்றது. விதி விலக்கிய பணத்தை ஒருவர் கையில் திணித்து, அவரை அம்மீறலுக்கு உள்ளாக்குவது நமக்கு அழகன்று.

இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1880-இல் தொடங்கிய பழைய முறைப் பணவிடை 2015-இல் முடிவுற்றது. அது வழங்கிய காலத்தில், பணம் கொண்டுவந்தவர்க்குச் சில்லறை கொடுப்பது பல ஊர்களிலும் வழக்கமாயிருந்தது. வசதியுள்ளவர் மகிழ்ந்து கொடுத்தார். அதுவே வழக்கமானபின், முதியோர் உதவித்தொகையை நம்பி வாழ்ந்த கைம்பெண்ணும் தன் சிறு தொகையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவரானார். இருப்பவரின் தாராளம் இல்லாதவரின் மேல் வரியாக இறங்கியது. நாம் கொடுப்பது நமக்கும் பெறுபவர்க்கும் இடையே மட்டும் நின்றுவிடுவதில்லை. அடுத்த வீட்டுக்காரர் என்ன கொடுக்க வேண்டும் என்பதையும் அது முடிவு செய்கின்றது.

அங்ஙனமாயின் தபால்காரரை வெறுங்கையோடு அனுப்புவதா? வேண்டா. தற்செயலான உணவையும் எளிய உபசாரத்தையும் அதே 13-ஆம் விதி பரிசாகக் கருதுவதில்லை. பண்டிகை நாளில் அவரை உள்ளே அழைத்து அமரச் செய்து, இலையிட்டு உணவளிப்போம். கோடையில் நீர்மோர் அளிப்போம். நான்கு தானங்களுள் ஆகாரதானம் முதலாவதாக வைத்துப் போற்றப்படுகின்றது. அரசின் விதியும் அறத்தின் விதியும் இங்கே ஒரே வழியைக் காட்டுகின்றன.

துப்புரவுப் பணியாளர்க்கு

பல இல்லங்களில் தபால்காரர்க்குப் பெரிய நோட்டும் துப்புரவுப் பணியாளர்க்குச் சில்லறையும் வழங்கப்படுவதைக் காண்கின்றோம். முன்னவரைத் திண்ணையில் அமரச் சொல்கின்றோம். பின்னவர்க்குப் படிக்குக் கீழே வைக்கின்றோம். நிலையான ஊதியம் உடையவர்க்கு மிகுதியும், ஒப்பந்தக் கூலியில் உழைப்பவர்க்குக் குறைவும் கொடுக்கச் சொன்னது எந்த அறம்? இங்கே கொடையின் அளவைத் தீர்மானிப்பது அருவருப்பும் குலச்செருக்குமே.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை. அதற்கு எடுத்துக்காட்டு உத்தாயன மன்னன். அவனைச் சோதிக்க வந்த தேவன் குட்டநோயுற்ற முனிவராய் வடிவெடுத்து, ஆகாரம் உண்டு, அவ்விடத்திலேயே கக்கினான். நாற்றம் தாளாது சூழ்ந்திருந்தோர் அகன்றனர். மன்னனோ, தான் அளித்த உணவில் பிழை நேர்ந்ததோ என்று வருந்தித் தன் கைகளாலேயே முனிவரின் உடலைத் தூய்மை செய்தான். பட்டத்து அரசனுக்குத் தாழ்வாகத் தோன்றாத அப்பணியை, நமக்காக நாள்தோறும் செய்பவரைத் தாழ்ந்தவர் என எண்ணலாமா? சமந்தபத்ர ஆசார்யர் கொல்லாமை அணுவிரதத்திற்கு எடுத்துக்காட்டாக நிறுத்தியவரும் யமபாலனே. அவன் குலத்தால் சண்டாளன். தொழிலால் கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவன். சதுர்த்தசியில் உயிர்க்கொலை செய்வதில்லை என்னும் ஒரு விரதத்தால் அவன் உயர்ந்தான்.

இனி, குப்பையைப் பற்றியே நம் அறம் கூறுவதைக் காண்போம். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது உற்சர்க்க சமிதி. உடற்கழிவையும் வேண்டாதவற்றையும் எவ்வுயிர்க்கும் ஊறு நேராத இடத்தில், பார்த்து நீக்குக என்பது அதன் பொருள். கழித்துவிடும் பொருளுக்கும் நாமே பொறுப்பு என்பதே அதன் உட்கிடை. இல்லறத்தார் முனிவரைப்போல் முழுதும் ஒழுக இயலாது. எனினும் உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றாது எறிந்தால் ஒருவர் கை கிழியும் என்று நினைக்க இயலும். ஊசியையும் சவர அலகையும் தனியே கட்டி வைக்க இயலும். மட்கும் கழிவு, மட்காக் கழிவு, தீங்கு தரும் வீட்டுக்கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருமாறு 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன. சட்டம் பணிப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் ஆகமம் பணித்த கவனம் அது.

காணும் பொங்கலன்று மாமல்லபுரக் கடற்கரையில் திரளும் கூட்டத்தை நாம் அறிவோம். நம் குடும்பங்களும் அங்குச் செல்கின்றன. அத்தை மாதம் முதலே பங்குனி ஆமைகள் முட்டையிட அக்கரைக்கு வருகின்றன. மணலில் நாம் விட்டுவரும் பைகள் கடலுள் சென்று ஐம்புல உயிர்களின் வாயில் புகுகின்றன. எஞ்சியவற்றை மறுநாள் துப்புரவுப் பணியாளர் குனிந்து பொறுக்குகின்றனர். கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் அளவுக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுதலும், உணவையும் நீரையும் தடுத்தலும் அடங்கும். பிரிக்காத குப்பை மிகைச்சுமையே. தாகத்தோடு நிற்பவர்க்குக் குவளை நீர் தரத் தயங்குவதும் தடுத்தலே.

செய்யத்தக்கவை

1. பண்டிகைப் பணத்தைத் தனித்தனியே வாயிலில் வைத்து அளக்க வேண்டா. ஒரு தெருவில் அல்லது ஓர் ஊரில் உள்ள நம் குடும்பங்கள் ஒன்றுகூடித் திரட்டி, துப்புரவுப் பணியாளர் குடும்பங்களின் மருத்துவத்திற்கும் பிள்ளைகளின் கல்விக்கும் வெளிப்படையாக அளிக்கலாம். ஔஷத தானமும் சாஸ்திர தானமும் இதில் அடங்கும்.

2. உடை அளிப்பதாயின் புத்தாடை அளிக்க. உணவு அளிப்பதாயின் நாம் உண்பதையே, உண்ணும் முன்னரே அளிக்க. எஞ்சியதைத் தள்ளுவது தானமாகாது.

3. ஒப்பந்தப் பணியாளர்க்குரிய கூலியும் கையுறையும் முறையாகக் கிடைக்கின்றனவா என்று நகராட்சியில் நாம் கேட்கலாம். உழைத்தவர்க்குரிய கூலி கடனாகும். கடனைத் தீர்க்காமல் தானம் பேசுதல் பொருந்தாது.

4. பெயரறிந்து, மரியாதைச் சொல்லால் அழைக்க. குழந்தைகள் நம்மைப் பார்த்தே கற்கின்றனர்.

இனாம் தானமன்று என்று கண்டவுடன் பையை இறுக மூடிக்கொள்வோரும் இருக்கக்கூடும். அவர்க்கு ஒரு சொல். விதியைக் காட்டி மிச்சப்படுத்திய பணம் நம் பையிலேயே தங்குமாயின், அங்கே காக்கப்பட்டது விரதம் அன்று, உலோபமே. சமதத்தி என்னும் கொடை சாத்திரப்படி நம்மையொத்த அறநெறி இல்லறத்தார்க்கு உரியது. ஆயினும் அதன் உயிர்நிலையாகிய, பெறுபவர் நமக்கு நிகரானவர் என்னும் எண்ணத்தை எல்லாக் கொடையிலும் கைக்கொள்ளத் தடையில்லை.

வரும் வீர நிர்வாண நாளில் தீபம் ஏற்றுமுன், அன்றைய குப்பையைப் பிரித்துக் கட்டி வைப்போம். வாயிலுக்கு வருபவரை இருக்கையில் அமர்த்துவோம். அவ்விரண்டையும் மறுநாளும் செய்வோம்.

திருவறம் வளர்க!