கதை முடிந்த பின்னும்

கதைப்பின்னலே துன்பியல் நாடகத்தின் உயிர், பாத்திரம் அதற்கு அடுத்தபடிதான் என்றார் அரிஸ்டாட்டில். இந்த வரிசையோடு எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை ஒரு ஜப்பானிய அனிமே படத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

இசாவோ தகஹாதா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை' (1988) தன் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறது. 1945 செப்டம்பரில், ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடி, செய்தா என்ற 14 வயதுப் பையன் பட்டினியால் இறக்கிறான். அவனிடமிருந்த மிட்டாய் டப்பாவில் இருப்பவை 4 வயதுத் தங்கை செட்சுகோவின் எலும்புகள். 'அடுத்து என்ன' என்ற கேள்விக்கு இனி வேலையில்லை. இருந்தும் ஒன்றரை மணி நேரம் நாம் எழுந்து போவதில்லை.

நிகழ்ச்சிகளை மட்டும் கோத்துப் பார்த்தால் விஷயம் எளிது: குண்டுவீச்சு, தாயின் மரணம், பசி. குற்றவாளி யுத்தம். யார் மனசாட்சிக்கும் தொந்தரவில்லை. ஆனால் செய்தா கடற்படை அதிகாரியின் மகன், கர்வி. உறவுக்காரப் பெண்மணியின் குத்தல் பேச்சு பொறுக்காமல் தங்கையோடு வெளியேறிப் பதுங்குகுழியில் குடியேறுகிறான். திரும்பிப் போ என்று ஒரு விவசாயி சொல்லியும் போவதில்லை. அவளுக்காகத் திருடவும் துணிகிறான். கர்வமும் திருட்டும் ஒரே ஊற்று: அவளுக்குத் தானே எல்லாமுமாக இருக்கும் ஆசை. அவளை வாழவைக்கப் பார்க்கும் அந்தக் குணமே அவள் சாவுக்கும் வழிவிடுகிறது. அப்படியானால் செய்தா குற்றவாளியா? கதைப்பின்னல் காரணங்களைத்தான் காட்டும். பொறுப்பு பற்றிய கேள்வி பாத்திரத்திடமிருந்துதான் எழுகிறது.

செயலில்லாமல் பாத்திரம் ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். மிட்டாய் தீர்ந்த டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தங்கைக்குக் கொடுக்கிறான் செய்தா. இதுவும் செயல்தான், கதையை ஓரடிகூட நகர்த்தாத செயல். அனிமேயில் எந்த அசைவும் தற்செயலாக வந்து விழுவதில்லை. ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து வரைந்தாக வேண்டும். கதைக்கு வேண்டாத இந்த அசைவுக்கு அத்தனை கைவேலை செலவாகியிருக்கிறது. இது இல்லையென்றால் அந்தச் சாவு வெறும் புள்ளிவிவரம்.

மூலக்கதையை 1967இல் எழுதிய அகியுகி நோசகா, 1945இல் தன் சின்னஞ்சிறு தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். செய்தாவைப்போல் தான் அன்பாக இருக்கவில்லை என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. தங்கையின் சாவை எழுத்திலும் அவர் மாற்றவில்லை. அவர் மாற்றியது அண்ணனைத்தான்: இவன் தன்னைவிட அன்பானவன், தங்கைக்குப் பின் உயிரோடு இல்லாதவன்.