உறங்குபவனும் உறங்குவதாகக் காட்டுபவனும்

மூன்று பேரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்திலமைந்த நபிமொழியை நம்மில் அனேகர் சிறுபராயத்திலேயே கேட்டிருப்போம். பராயமடையாத பிள்ளை, புத்தி பேதலித்தவர், உறங்கிக்கொண்டிருப்பவர். இவர்களின் செயல்கள் ஏட்டில் பதியப்படுவதில்லை. சட்டக்கலை அறிஞர்கள் இதிலும் ஒரு நுணுக்கம் வைத்தார்கள். உறக்கத்தில் புரண்டு அடுத்தவரின் பாண்டத்தை உடைத்தவருக்குப் பாவமில்லை. ஆனால் பாண்டத்தின் பெறுமதியைக் கொடுக்கத்தான் வேண்டும். தவறிய தொழுகையை விழித்ததும் தொழவும் வேண்டும். குற்றம் வேறு, கடன் வேறு என்ற இந்தப் பிரிப்பு எனக்கு எப்போதும் பிடித்தமானது. என்றாலும் அந்த மூவரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவர்களில் சேராத ஒருவன் என் நினைவில் வருவான். விழித்திருந்துகொண்டே கண்ணை மூடிக் கிடப்பவன். அவனை எனக்கு நெருக்கமாகத் தெரியும்.

இரண்டு இரவு ரயில்களில் அவனைச் சந்தித்தேன். இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் இரவுத் தபால் ரயிலில் முதலாம் வகுப்புப் படுக்கை அறையில் இடம் பதிந்திருந்தேன். நாம் 'பேர்த்' என்று சொல்வது. ஓர் அறைக்கு இரண்டு படுக்கைகள், ஒன்றின் மேல் ஒன்று. குடும்பமாகப் போனால் சிக்கலில்லை. தனியே போகிறவர் எவரோடு அறையைப் பங்கிடப்போகிறார் என்பது உள்ளே காலடி வைக்கும்வரை தெரியாது. ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரத்தை அந்த முகம் தெரியாதவரோடு படுத்தபடி கடக்க வேண்டும். வீட்டிலே நாம் அந்நியரை வெளியில் விட்டுக் கதவைப் பூட்டுகிறோம். இங்கே அந்நியரை உள்ளே வைத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் போடுகிறோம். பிறகு வாய் திறந்தபடி, குறட்டை விட்டபடி, கழற்றிய மணிக்கூட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு உறங்குகிறோம். ரிக்கெற்றின் விலைக்குள் இது அடங்காது. ஒருவரிடம் ஒருவர் கேட்காமலே ஒப்படைத்துக்கொள்ளும் ஓர் அமானிதம் இது. பல வருடங்களாக இந்தப் பாதையில் வந்துபோகிறவன் நான். அந்த இரவுவரை இதை ஒரு தடவையேனும் எண்ணிப் பார்த்ததில்லை.

அது 2019 ஜூன் மாதம். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரமளவில் இருக்கும். ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்த துயரம் எவருக்கும் ஆறியிருக்கவில்லை. மே 13இல் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் நம்மவரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் ஓர் உயிரும் போனது. எங்கள் ரயில் அந்தக் குருநாகல் ஊடாகத்தான் போயாக வேண்டும்.

என்னிடம் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதி கொழும்பில் அச்சாகியிருந்தது; நாற்பது பிரதிகளை ஊருக்குக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. அச்சகத்துப் பொடியன் கைக்கு அகப்பட்ட பெட்டியில் அவற்றை அடுக்கி நைலோன் கயிற்றால் கட்டித் தந்தான். நோன்பு மாதத்துக்கு வந்திறங்கிய பேரீத்தம்பழப் பெட்டி அது. நான்கு பக்கமும் கொட்டை எழுத்தில் அரபு. புறக்கோட்டையில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. பேர்த்தின் மங்கிய வெளிச்சத்தில், கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கண் போன திசையில்தான் கவனித்தேன்.

அறுபத்தைந்து வயது மதிக்கலாம். வெள்ளைச் சேட்டு, தோளில் துவாய், கையில் ஒரு பிளாஸ்க். பொலன்னறுவையில் இறங்குகிறவர். நான் எங்கே போகிறேன் என்று சிங்களத்தில் கேட்டார். "மட்டக்களப்புப் பக்கம்" என்றேன். "காத்தான்குடியா?" என்றார். "இல்லை ஐயா, ஏறாவூர்." அந்த 'இல்லை'யை நான் எத்தனை அவசரமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. காத்தான்குடியில் எனக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். ஒரு சொல்லில் அவர்களை ரயிலிலிருந்து இறக்கிவிட்டேன்.

பேச்சு அத்தோடு நின்றது. ராகம தாண்டியதும் நான் கதவைத் தாழிடப் போனேன். "புழுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்" என்றார். புழுக்கம் இருக்கவில்லை. அவர் படுக்கவுமில்லை. செருப்பைக் கழற்றாமல் படுக்கை விளிம்பில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அந்த மனிதரில் வெறுப்பு ஏதும் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். வெறுப்பாக இருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அது பயம். வயதான ஒருவரின் வெட்கப்பட்ட பயம்.

"ஐயா, இதில் புத்தகங்கள்தான். திறந்து காட்டட்டுமா?" என்று நானே கேட்டேன்.

"ஓன நே, ஓன நே மாத்தயா" என்றார். வேண்டாம், வேண்டாம் என்ற அந்தக் குரலோடு கண்கள் சேரவில்லை. கயிற்று முடிச்சை நகத்தாலும் பல்லாலும் அவிழ்த்து ஒரு பிரதியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தமிழ் தெரியாதவர், ஆனாலும் பக்கங்களை மெல்லப் புரட்டினார். வரிகளின் நீளத்தைப் பார்த்து "கவியா?" என்று கேட்டார். பெட்டியில் எழுதியிருப்பது என்னவென்றும் கேட்டார். பேரீத்தம்பழம் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு அவரே எழுந்து கதவைத் தாழிட்டார். மாகோவுக்கு முன்னரே குறட்டை கேட்கத் தொடங்கிவிட்டது. மேல்படுக்கையில் நான்தான் உறங்கவில்லை.

பொலன்னறுவையில் அவர் இறங்க ஆயத்தமானபோது சாமம். விளக்கைப் போடாமல், எனக்கு விழிப்பு வந்துவிடக் கூடாதென்று தட்டித் தடவினார். அரைகுறையாக விட்டிருந்த கயிற்றை அவர் இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. பெட்டியை வழியிலிருந்து நகர்த்தி மெதுவாக உட்பக்கம் வைத்தார். நான் விழித்துத்தான் இருந்தேன். கண்ணைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் அக்கரைப்பற்றிலுள்ள என் நண்பனிடம் சொன்னபோது, நல்ல மனிதர் ஒருவரைப் பற்றிய கதையாக நினைத்துத்தான் சொன்னேன். அவன் கொதித்துப்போனான்.

"அந்த மனிசன் கேட்டாரா மச்சான்? கேக்காமலே அவிழ்த்துக் காட்டினியா? நீ திறந்து காட்டினது உன்ட பெட்டிய மட்டுமில்ல. நாளைக்கு ஒரு பொடியன் அதே பேர்த்துல வருவான். அவன் திறக்கமாட்டான். ஏன் திறக்கணும்? அப்ப அந்த மனிசன் என்ன நினைப்பார்? முதல் வந்தவன் காட்டினான், இவன் மறைக்கிறான் என்டுதானே?"

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இன்றும் இல்லை. மனிதன் அடிப்படையில் பொறுப்பு நீங்கியவன், குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும் என்பது நமது சட்டக்கலையின் மூல விதிகளில் ஒன்று. நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. கேட்கப்படாமலே தன்னை நிரூபிக்கப் புறப்படுகிறவன் அந்த விதியைத் தனக்காக மட்டுமன்றிப் பிறருக்காகவும் விட்டுக்கொடுக்கிறான். அதோடு, அந்த இரவில் எனக்கு வசதியான பல விடயங்கள் இருந்தன. நரைத்த தாடி. பிழையின்றிச் சிங்களம் பேசும் நா. பெட்டிக்குள் இருந்ததும் கவிதை. அதே இடத்தில் சிங்களம் திக்கும் ஒரு வாலிபன், மனைவியின் உடுதுணிகள் திணித்த பையோடு இருந்திருந்தால் அவனிடமும் இந்தத் தாராளத்தை எதிர்பார்க்கலாமா? கொடுக்க முடிந்தவன் விரும்பிக் கொடுத்தது, முடியாதவனிடம் வசூலிக்கப்படும் வரியாகிவிடும் என்பதே நண்பன் சொன்னதன் சாரம். அவனுடைய வாதத்தில் இன்னொன்றையும் நானே சேர்க்கலாம். குருநாகல் நிலையத்தில் ரயில் நின்று, மேடையில் ஆண்குரல்கள் உரத்துக் கேட்டபோது என் வயிறு கலங்கியது. அந்தப் பயத்தை எனக்குத் தணித்து வைக்கும் கடமை பெரியவருக்கு இருப்பதாக அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

இத்தனையும் சரி. ஆனாலும் அந்த அறைக்குள் இருந்தது ஒரு சமூகமோ ஓர் அரசோ அல்ல. இரவு முழுதும் உட்கார்ந்திருக்கப்போகும் ஒரு வயோதிபர். அவருடைய பயம் நியாயமா என்பது ஒரு கேள்வி. அவர் இன்றிரவு உறங்குவாரா என்பது வேறொரு கேள்வி. முதலாவதைப் பற்றி இதழ்களில் எழுதலாம். இரண்டாவதற்குப் பொலன்னறுவை வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அதிகாரத்தோடு "திற" என்று எவரும் கட்டளையிட்டிருந்தால் திறந்திருக்கமாட்டேன் என்று நண்பனிடம் வீறாப்பாகச் சொன்னேன். அது உண்மையில்லை. திறந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

தெரிந்ததற்குக் காரணம் முதலாவது ரயில்.

1996. ஜூலை 24இல் தெஹிவளையில் ரயிலில் குண்டுவெடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்து சில கிழமைகள்தான். அப்போது நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பித்தேன். விடுமுறை முடிந்து பதுளை இரவுத் தபால் ரயிலில் போனேன். பேர்த் எடுக்கும் சம்பளமில்லை, மூன்றாம் வகுப்பு. எதிரே ஒரு தமிழ்ப் பொடியன். பதினெட்டுக்கு மேல் சொல்ல முடியாது. ஹற்றனில் சின்னம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். அந்தப் பெட்டியில் தமிழ் பேச நான் ஒருவன்தான் கிடைத்தேனாக்கும், விடாமல் பேசினான். கச்சான் சரையைப் பிரித்து என் கையிலும் கொட்டினான்.

ரயில் ஒரு நிலையத்தில் நின்றது. பெட்டியின் அந்தத் தலைப்பில் டோர்ச் வெளிச்சம் தெரிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெளிச்சம் கிட்ட வருமுன்னரே மூடிக்கொண்டேன் என்பதைக் குறித்து வைக்க வேண்டும். அவனிடம் அடையாள அட்டை கேட்டார்கள். அதிலிருந்த ஊர்ப் பெயரை ஒருவர் இரண்டு தரம் உரக்க வாசித்தார். அவனுடைய சிங்களம் நான்கு சொல்லோடு தீர்ந்துபோனது. "சேர்" என்றான். என்னைத்தான். "சேர், இவங்களுக்கு ஒருக்காச் சொல்லுங்க சேர்." மூடிய இமையின் மேல் வெளிச்சம் சிவப்பாக விழுந்தது. "எயா நிதி" என்றது ஒரு குரல். அவர் உறக்கம் என்று அர்த்தம். மூன்றாவது தடவை அவன் கூப்பிடவில்லை.

அவனுடைய பையையும் எடுத்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ரயில் புறப்பட்டது.

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? ஒரு மணித்தியாலம் என்னோடு பேசிக்கொண்டு வந்தான், ஹற்றனுக்குப் போவதாகச் சொன்னான் என்பதைத்தான். அது சாட்சியமாகுமா? ஆகாமலும் போகலாம். என்னையும் சேர்த்து இறக்கியிருக்கலாம். இந்தச் சமாதானங்களை ஒதுக்கிவிட முடிந்தாலும் ஒன்று மிஞ்சும். 1990 ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் கைக்குழந்தைகளும் அதில் அடக்கம். அந்த ஜனாஸாக்களைப் பார்த்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த நிமிடங்களில் எனக்குள் ஒரு குரல், இவர்களுக்காக நான் ஏன் பேச வேண்டும் என்றது. 'இவர்கள்' என்று பன்மையில்தான் சொன்னது. எதிரே இருந்ததோ ஒருவன். 1990இல் அவனுக்குப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும். நமது மெய்யான துயரம் ஒன்றை எடுத்து என் கோழைத்தனத்துக்குப் போர்வையாகப் போட்டுக்கொண்டேன். இருபத்துமூன்று வருடம் கழித்து, இன்னொரு ரயிலில், ஒரு பெரியவர் 'இவர்கள்' என்ற பன்மையோடு என் பெட்டியைப் பார்த்தபோது அந்தப் பார்வை எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

அல்கஹ்பு அத்தியாயத்தில் வரும் குகைவாசிகள் பார்ப்பவருக்கு விழித்திருப்பவர்களாகத் தோன்றினாலும் உண்மையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதை ஓதும்போது அந்த இடத்தில் என் நா தடுக்கும். அவர்கள் அநீதிக்கு இணங்க மறுத்துப் போய் உறங்கியவர்கள்.

உறங்கியவனுக்கே உடைத்த பாண்டத்தின் கடன் இருக்கிறதென்றால் எனக்கு இரண்டும் இருக்கிறது. கடனைக் கொடுக்க ஆளைத் தெரியாது. பேர்த்தில் கயிற்றைப் பல்லால் அவிழ்த்தபோது அதைத்தான் கொடுக்கப் பார்த்தேனோ என்று ஒரு சந்தேகம். அப்படியானால் கடன் கொடுத்தவர் ஒருவர், நான் திருப்பிக் கொடுத்தது வேறொருவருக்கு. நண்பனின் கோபத்துக்கு இதுவும் ஒரு நியாயமாகலாம்.

அவனிடம் 1996ஐப் பற்றிப் போன வருடம்தான் சொன்னேன். திட்டுவான் என்றிருந்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"எந்த ஸ்டேசன்ல இறக்கின?"

பொல்கஹவெலயாக இருக்கலாம், ரம்புக்கனயாகவும் இருக்கலாம். நான் கண்ணைத் திறந்தபோது ரயில் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மடியில் கச்சான் கோதுகள் கிடந்தன.